கதிர் வைக்காத பாதி

கார்த்திகை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கண்ணையனின் வயலில் கிழக்குப் பாதி கதிர் தள்ளிவிட்டது. மேற்குப் பாதியில் ஒரு கதிர்கூட இல்லை.

ஒரே காணி நிலம். ஒரே விதை. ஆடிக் கடைசியில் நாற்று விட்டு, ஆவணி முடிவதற்குள் இரண்டே நாளில் நட்டு முடித்த சீரகச் சம்பா. உரமும் தண்ணீரும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஏம்பலத்துப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக அந்த நெல்லைப் போடுகிறவன் அவன். எந்த வாரம் தண்டு உருளும், எந்த வாரம் கதிர் உள்ளே பருத்துப் பொதி கட்டும் என்பதெல்லாம் அவனுக்குக் காலண்டர் பார்க்காமல் தெரியும். இப்போது வரப்பில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் வெளிறித் தலை சாயத் தொடங்கிய பயிர். இன்னொரு பக்கம் கரும்பச்சையாக, இடுப்புக்கு மேல் தழைத்து, தூர் கட்டுகிற மாதத்தில் நிற்பது போலவே நின்றது. இரண்டும் நேர்கோட்டில் பிரியவில்லை. பெரிய வட்டம் ஒன்றின் ஓரம் வயலுக்குள் வந்து போன மாதிரி வளைந்து பிரிந்திருந்தது.

யூரியாவை அள்ளிக் கொட்டியிருப்பான் என்றார்கள் சிலர். விதையில் கலப்பு என்றார்கள் சிலர். அவன் மனைவி செல்வகுமாரி அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

வேளாண்மை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரியதர்ஷினி என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். இரண்டு பக்கமும் நடந்தாள். பச்சைப் பயிரில் நாலைந்து தட்டைகளைப் பிளேடால் நெடுக்காகக் கிழித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வயலின் மேற்கு மூலையில் சாலையோரம் நின்ற உயரமான விளக்குக் கம்பத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“இது எப்ப வந்துச்சு?” என்று கேட்டாள்.

“வைகாசியில மேடம்.”

“ராத்திரி முச்சூடும் எரியுமா?”

எரியும் என்றான். ஆறு விளக்குகள். பொழுது சாய்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும், விடிந்தால்தான் அணையும்.

வரப்பில் உட்கார்ந்து அவள் விளக்கிச் சொன்னாள். இந்த மாதிரிச் சம்பா நெல்லுக்கு வயசு மட்டும் போதாது, இரவு நீளமாக வேண்டும். ஐப்பசி வாக்கில் பகல் குறுகி இரவு நீளும்போது பயிர் அதைத் தெரிந்துகொண்டு தழைப்பதை நிறுத்தும், தட்டைக்குள் கதிர் உருவாகத் தொடங்கும். விளக்கு வெளிச்சம் விழுந்த பாதிக்கு இன்னும் இரவு வரவே இல்லை. அதைப் பொறுத்தவரை நட்ட நாள் முதல் ஒரே நீண்ட பகல்தான். அதனால் இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருஷம் குறுகிய கால நெல் போட்டால் இந்தத் தொல்லை இருக்காது, அது வெளிச்சத்தைப் பார்க்காது என்றாள்.

இந்த வருஷத்துக்கு என்ன செய்வது என்று கண்ணையன் கேட்டான்.

“இருபது ராத்திரி தொடர்ந்து இருட்டு கெடைச்சா இப்பக்கூட வரும். தாமதமாத்தான் வரும். ஆனா வரும்.”

“நெலா வெளிச்சம்?”

“அது பத்தாது. அத இது கண்டுக்காது.”

கடைசி வேன் போன பிறகு, பதினொன்றரைக்கு மேல் மட்டும் அணைத்தால் போதுமா என்றும் கேட்டான். போதாது என்றாள். பாதி இருட்டு அதற்கு இருட்டே இல்லை. சாயங்காலம் முதல் விடியும்வரை நடுவில் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒருமுறை குருத்துக்குள் கதிர் உருவாகிவிட்டால் பிறகு விளக்கு எரிந்தாலும் அது நிற்காது.

கண்ணையன் கம்பத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பம் நின்ற இடம் அவன் நிலம். அவனே விட்டுக்கொடுத்தது.

அந்த இடத்தில் சாலை வாய்க்காலை ஒட்டிச் சட்டென்று வளையும். பனையடித் திருப்பம் என்று பெயர். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் அங்கே நிற்கும். இரண்டரை வருஷத்துக்கு முன்பு, மதகடிப்பட்டுப் பக்கத்து மருந்துக் கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு முடித்து வேனிலிருந்து இறங்கிய ஆன்டனியை, டிராக்டரைச் சுற்றி வந்த கார் ஒன்று அடித்துப் போட்டது. மோட்டார் கொட்டகையில் இருந்த கண்ணையன்தான் முதலில் ஓடினான். ஆம்புலன்ஸ் வருகிறவரை ஆன்டனியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தான். ஆன்டனி அந்த மடியிலேயே போய்விட்டான்.

ஆன்டனியின் மனைவி அன்னாமேரி பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறவள். அவள் ஒன்றரை வருஷம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் குறைதீர்க்கும் நாளுக்கும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். முதல் கையெழுத்து கண்ணையனுடையது. விளக்கு அனுமதியாகி வந்தபோது கம்பம் நட இடமில்லை, ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். தன் மூலையில் நட்டுக்கொள்ளச் சொன்னதும் அவன்தான். ஊர் அதை ஆன்டனி விளக்கு என்றே சொன்னது. திருப்பத்துக்குப் பக்கத்து வீடு அன்னாமேரியுடையது என்பதால் கம்பத்தின் அடியில் இருந்த சுவிட்ச் பெட்டியின் சாவியை அவளிடமே கொடுத்து வைத்தார்கள். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு அந்தத் திருப்பத்தில் ஒரு ஆடுகூட அடிபடவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கண்ணையன் அவள் வீட்டுக்குப் போனான். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவியிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. மேடம் சொன்னதை முதலிலிருந்து சொன்னான். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. நெல்லுக்கு இருட்டு வேண்டும் என்பதை அவள் நம்பவில்லை. அவன் கையைக் காட்டிக் கூப்பிட்டு, வாசலில் நின்றபடியே வயலைக் காட்டினான். வளைந்த கோட்டை அவளே பார்த்தாள். அந்த வட்டத்துக்கு நடுவில் எது நிற்கிறது என்பதையும் பார்த்தாள்.

“கடைசி வண்டி போனதுக்கு அப்புறம் அணைச்சிக்கயேன்ணே.”

“கேட்டுப் பாத்தம்மா. அது ஆவாதாம்.”

அவள் உள்ளே போனாள். சாவியோடு வந்தாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

“அவருக்கு மடி குடுத்த ஆளு நீ. உனக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல,” என்றாள். “ஆனா நீ அங்க நிக்கணும்ணே. பொழுது சாஞ்சதுலேர்ந்து கடைசி வேன் போற வரிக்கும். விடியக்காலையிலயும். ஒரு நிமிஷம் நகரக் கூடாது. சத்தியம்லாம் வேணாம். நின்னா போதும்.”

நிற்கிறேன் என்றான். அவள் சாவியை அவன் கையில் வைத்தாள்.

அன்று சாயங்காலமே விளக்கு அணைந்தது. பெரிய டார்ச் ஒன்று வாங்கினான். ரோடு போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் பளபளக்கும் மேல்சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். திருப்பத்தின் உள்வளைவில் நின்று, வண்டிச் சத்தம் கேட்டதும் டார்ச்சை ஆட்டி வேகத்தைக் குறைக்க வைப்பான். பஸ்ஸிலிருந்தும் வேனிலிருந்தும் இறங்குகிறவர்களைக் கூடவே நடந்து ரோட்டைத் தாண்ட வைப்பான். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு வயலுக்காக ஊரை இருட்டாக்குகிறதா என்று டீக்கடையில் பேச்சு. ஆனால் அவன் நிற்பதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது.

ஏழு மணிக்கு வருகிற பஸ்ஸில் தினமும் ஜெயா இறங்குவாள். பாக்யராஜின் மகள். இருபத்து மூன்று வயது. ஆன்டனி வேலை பார்த்த அதே கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ட்ராபிக் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடச் சொல்லி அவனைக் கேலி செய்வாள். அவன் டார்ச்சை அவள் கால்களுக்கு முன்னால் காட்டியபடி எதிர்ப்பக்கம் வரை போய் விட்டுவிட்டு வருவான்.

பத்தாம் நாளுக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. செல்வகுமாரி குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றபடியே அவனைச் சாப்பிட வைத்தாள். காலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து விடியக்காலை நாலரைக்கு எழுந்தான். பகலிலும் தூக்கம் இல்லை, வயலில் இருந்தான். பதினைந்தாம் நாள் காலையில் தட்டைகளைக் கிழித்துப் பார்த்தான். பச்சைக் குருத்துதான் இருந்தது. பதினாறாம் நாளும் அதேதான். பதினேழாம் நாளும் அப்படியே இருக்கவும் பிரியதர்ஷினிக்குப் போன் போட்டான். இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள், கடைசிக் கணுவுக்கு மேலே வெள்ளையாக, பூனை மயிர் போல ஒன்று தெரியும், அது தெரிந்தால் ஜெயித்துவிட்டீர்கள் என்றாள்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தவன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். எழுந்தபோது ஐந்தரை. அன்று பயிரைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் இடத்தில் நின்றான்.

ஏழு மணிக்குச் சற்று முன்பு ரோடு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. எந்தச் சத்தமும் இல்லை. பயிர் அவன் நின்ற இடத்திலிருந்து பத்தடிகூட இல்லை. இரண்டு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டான். கரையிறங்கிச் சேற்றில் கால் வைத்தான். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து ஒரு தட்டையைக் கிழித்தான். ஒன்றும் இல்லை. இன்னும் உள்ளே போய் இன்னொன்று. அதிலும் இல்லை. மூன்றாவதைக் கணுவுக்கு மேலே பிளந்து டார்ச்சை ஒட்டிப் பிடித்தான்.

இருந்தது. ரவையைவிடச் சிறியது. வெள்ளை வெளேரென்று, மேலெல்லாம் மெல்லிய மயிரோடு, கூம்பாக நின்றது. அவன் அதை விரலால் தொடப் பயந்தான். பக்கத்துத் தூரிலும் ஒன்றைக் கிழித்தான். அதிலும் இருந்தது. தனியாக நின்று சிரித்தான். செல்வகுமாரியைக் கூப்பிடப் போனை எடுத்தான்.

பஸ் வந்து நின்று போன சத்தம் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அவன் கேட்டது டயர் தேய்கிற சத்தமும் அதற்குப் பிறகு வந்த ஒரு அடியும்தான்.

செங்கல் ஏற்றிய மினி லாரி. ஜெயா ரோட்டின் நடுக்கோட்டுக்கு அப்பால் கிடந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. கண்ணையன் துண்டை அவிழ்த்துத் தொடையை இறுக்கிக் கட்டினான். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, ஆளே தெரியலையே, ஆளே தெரியலையே என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்கள் ஓடிவந்தார்கள். அன்னாமேரியும் வந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணையனின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஆறு விளக்கும் எரிந்தன. ரோட்டில் சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது.

போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது கண்ணையன் வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் சொன்னார்கள். இவர் பதினெட்டு நாளாக மழையிலும் இங்கேயே நிற்கிறார், இவர் இருந்தும் இப்படி ஆகிவிட்டது, லாரிக்காரன் வந்த வேகம் அப்படி. போலீஸ்காரர் அவன் பக்கம் திரும்பி, நின்னுட்டுத்தானே இருந்தீங்க என்று கேட்டார். கண்ணையன் தலையாட்டினான்.

மூன்றாம் நாள் ஜெயாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனவர்களிடம் அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாளாம். மாமா டார்ச் காட்டினாரு, நாந்தான் போனைப் பாத்துனு எறங்கிட்டேன். மயக்கம் தெளிந்த தலை, பழைய சாயங்காலங்களில் ஒன்றை எடுத்து இந்தச் சாயங்காலத்தில் வைத்துவிட்டது. அதைக் கேட்டவர்கள் வந்து கண்ணையனிடம் சொன்னார்கள். மனசை விட்டுடாதப்பா என்றும் சொன்னார்கள்.

ஊரின் கோபம் அன்னாமேரியிடம் போனது. சாவியைக் கொடுத்தவள் அவள். புருஷன் செத்த இடத்தில் வந்த விளக்கையே அணைக்கச் சாவி கொடுப்பாளா ஒருத்தி என்று கேட்டார்கள். கிறிஸ்துமஸ் பூசையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஜெயாவின் அம்மா ஒருநாள் ரோட்டில் நின்று, அன்னாமேரியின் வாசலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அன்னாமேரி கதவைச் சாத்திக்கொள்ளாமல் வாசற்படியில் நின்று கேட்டாள். எதிர்ச்சாரியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன கண்ணையனும் கேட்டான். நிற்காமல் போய்விட்டான்.

விளக்கு எரிந்தது. பயிர் நிற்கவில்லை. மேடம் சொன்னபடியே உருவானது உருவானதுதான். தை நடுவில் தண்டு பருத்துப் பொதி கட்டியது, தைக் கடைசியில் கதிர் வெளியே வந்தது. அதற்குள் சுற்றிலும் எல்லா வயலும் அறுத்துத் தரிசாகிவிட்டது. மைல் கணக்கில் பச்சையாக நின்றது அது ஒன்றுதான். குருவிக் கூட்டம் முழுவதும் அங்கே இறங்கியது. எலி விழுந்தது. கண்ணையன் தகரம் தட்டவில்லை. செல்வகுமாரிதான் நாள் முழுக்க நின்று விரட்டினாள். அப்படியும் மாசிக் கடைசியில் அறுத்துத் தூற்றியபோது நெல் நன்றாகவே இருந்தது. மணிகள் நிறைந்திருந்தன. கிழக்குப் பாதி நெல்லைவிட வாசனை தூக்கலாக இருக்கிறது என்று அறுக்க வந்தவர்கள் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் களத்தில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் அவன் சொன்னான். அந்த நேரத்தில் நான் ரோட்டில் இல்லை, வயலுக்குள் இருந்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னான். செல்வகுமாரி துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?” என்றாள். “கால் போனது எனக்கா?”

மறுநாள் காலையில் அவன் பாக்யராஜின் வீட்டுக்குப் போனான். ஜெயா கூடத்தில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாவாடையின் ஒரு பக்கம் தட்டையாகப் படிந்திருந்தது. அவனைப் பார்த்ததும் வா மாமா என்றாள். அம்மா காப்பி போட உள்ளே போனாள். காப்பி வருவதற்கு முன்பு சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

நின்றபடியே சொன்னான். எதையும் விடவில்லை. தூங்கிப் போனது, பார்க்காமல் விட்டது, இரண்டு நிமிஷம் என்று இறங்கியது, மூன்றாவது தட்டையில் வெள்ளையாகத் தெரிந்தது, பஸ் வந்ததே கேட்காதது, போலீஸ்காரரிடம் தலையாட்டியது.

ஜெயா குறுக்கே எதுவும் கேட்கவில்லை.

“நீ டார்ச் காட்டின,” என்றாள். “எனக்குத் தெரியும். நா பாத்தேன்.”

“இல்லம்மா. அது வேற நாளு.”

அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“மூணு மாசமா என் தப்புன்னு நெனச்சினு இருந்தேன் மாமா. போனைப் பாத்துனு போனேன், நல்லா வேணும்னு என்ன நானே திட்டினு இருந்தேன். அது ஒரு மாதிரி பழகிப் போச்சி. இப்ப நீ வந்து இத சொல்ற.” குரல் உயரவில்லை. “என் தப்புன்னா என்ன நானே பொறுத்துக்கலாம். உன்ன நா இன்னா செய்யறது?”

பின்னால் பாக்யராஜ் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அடிப்பான் என்று கண்ணையன் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். பாக்யராஜ் வாசலைக் காட்டினான். போலீஸ் ஸ்டேஷனில் போய் இதையே சொல் என்று மட்டும் சொன்னான்.

கண்ணையன் நேராக ஸ்டேஷனுக்குப் போனான். அங்கிருந்தவர் கேட்டுவிட்டு, வழக்கு லாரி டிரைவர் மேல் இருக்கிறது, நீங்கள் சம்பளத்துக்கு நின்றவர் இல்லையே, உங்கள் மேல் என்ன எழுதுவது என்றார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவன் நின்றான். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் அவனையே எழுதச் சொல்லி வாங்கி, மேசையில் இருந்த காகிதக் கட்டுக்கு நடுவில் வைத்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

அன்னாமேரியிடம் போனபோது சாயங்காலமாகிவிட்டது. அவள் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாள்.

“நா குடுத்ததுக்குத்தான பேசறாங்கன்னு வாங்கினு இருந்தேன்,” என்றாள். “அந்த அம்மா மண்ணு தூத்தினாங்களே, அன்னிக்கு நீ சைக்கிள்ல போன. பாத்துனுதான் போன.”

“ஆமாம்மா.”

“அவரு உன் மடியிலதான் உசுர வுட்டாருன்னு ரெண்டர வருஷமா உன்ன கோயில் மாதிரி நெனச்சேண்ணே.”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அவனோடு பேசியதில்லை. உண்மை தெரிந்த பிறகு ஊர் அவளிடம் மன்னிப்புக் கேட்டதா என்றால் அதுவும் இல்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்கள் மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கண்ணையன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். போனால் பேச்சு நின்றது.

பங்குனியில் ஒருநாள் பாக்யராஜ் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. ஜெயாவுக்குச் செயற்கைக் கால் அளவெடுக்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள், தனக்கு முதுகு தாங்கவில்லை, ஆட்டோவில் தூக்கி ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்றான்.

“உன்ன மன்னிச்சிட்டு கூப்புடறேன்னு நெனச்சிக்காத,” என்றான்.

கண்ணையன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூவரும் போகிறார்கள். அவன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அப்பாவும் மகளும் பின்னால். போகும்போதும் வரும்போதும் யாரும் பேசுவதில்லை. ஆவணியில் மேற்குப் பாதியில் என்ன போடப் போகிறாய் என்று செல்வகுமாரி கேட்டபோது, நூற்றைந்து நாள் நெல் ஏதாவது போட்டுவிடு, என்னைக் கேட்காதே என்றான். அவளே விதை வாங்கி, ஆள் விட்டு நட்டாள்.

கால் வந்த நாளில் ஜெயாவை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். முதல் நாள் நாலு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் உடம்பு ஒருக்களித்துச் சாய்ந்தது. பாக்யராஜ் மாத்திரை வாங்க வெளியே போயிருந்தான். சுவரோரம் நின்றிருந்த கண்ணையன் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அதைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. நிலைத்து நின்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினாள்.

பயிற்சி கொடுத்த பெண் பார்த்துவிட்டு, அப்பாவா என்று கேட்டாள்.

“இல்ல,” என்றாள் ஜெயா.

வேறு யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. ஜெயாவும் சொல்லவில்லை.